‘சும்மா’ இருப்பவர் யார்?

நுழையும்முன்

அறிவியல் ஆய்வகத்தில் பிறக்கிறது. அரசியல் சட்டமன்றத்தில் பேசப்படுகிறது. பொருளாதாரம் சந்தையில் இயங்குகிறது. இம்மூன்றும் நாள்தோறும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே வீட்டின் அடுக்களை. அங்கு நடைபெறும் உழைப்பிற்கு ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை, ஓய்வுபெறும் வயதும் இல்லை. அவ்வுழைப்பைச் சமூகம் எவ்வாறு மதிப்பிட்டு வருகிறது, எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு சொல்லின் சுமை

தமிழில் ‘சும்மா’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வேலையின்றி இருத்தல், காரணமின்றிச் செய்தல், விலையின்றிப் பெறுதல், பேசாதிருத்தல் என இடத்திற்கேற்ப அதன் பொருள் மாறும். ஞானியர் ‘சும்மா இருத்தல்’ என்பதை அடைதற்கரிய நிலையாகப் போற்றினர். ஆயினும் அன்றாடப் பேச்சில் அச்சொல் மிகுதியாக ஒட்டிக்கொண்டிருப்பது இல்லத்தைப் பேணும் பெண்களின் மீதுதான். படிவம் ஒன்றை நிரப்பும்போது, “அம்மா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டால், “வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறார்” என்னும் விடை எளிதாக வந்துவிடுகிறது. பிள்ளைகள் மட்டுமன்றி, அத்தாய்மாரே தம்மைக் குறித்து அவ்வாறு சொல்லிக்கொள்வதும் உண்டு.

அவ்வாறு சொல்லும் பெண், அன்று விடியுமுன் எழுந்து வாசல் தெளித்திருப்பார். பால் காய்ச்சி, காலை உணவும் நண்பகல் உணவும் ஆக்கி, கட்டிக்கொடுக்க வேண்டியவர்களுக்குக் கட்டிக்கொடுத்திருப்பார். முதியவருக்கு மாத்திரை எடுத்துத் தந்திருப்பார். பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, குழாயில் நீர் வரும் நேரம் பார்த்துக் குடங்களை நிரப்பியிருப்பார். மாலையில் பிள்ளைகள் திரும்புமுன் இரவு உணவுக்கு வேண்டியவற்றை எண்ணத் தொடங்கியிருப்பார். இவ்வளவும் செய்தவரைச் ‘சும்மா இருப்பவர்’ என்று ஒரு மொழி குறிக்குமானால், பிழை அம்மொழியின் சொல்லில் இல்லை. அதைப் பயன்படுத்தும் சமூகத்தின் பார்வையில் இருக்கிறது.

கடிகாரம் காட்டும் கணக்கு

இவ்வுழைப்பின் அளவை உணர்ச்சியால் அளப்பதைவிட எண்ணால் அளப்பது தெளிவு தரும். ஒரு நாளின் 24 மணி நேரத்தை மக்கள் எவ்வெவற்றிற்குச் செலவிடுகின்றனர் என்று கேட்டறிவதே நேரப் பயன்பாட்டு ஆய்வு. இந்தியாவில் 1998-99ஆம் ஆண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இது முன்னோட்டமாக நடத்தப்பட்டது. நாடு முழுமைக்குமான முதல் ஆய்வைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் திசம்பர் வரை நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் நிரம்பியவர்களிடம், முதல்நாள் அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணிவரை அவர்கள் செய்தவை யாவும் அரைமணி நேரக் கூறுகளாகக் கேட்டுப் பதிவு செய்யப்பட்டன.

அந்த ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81.2 பேர், ஆண்கள் நூற்றுக்கு 26.1 பேர். அவ்வாறு ஈடுபட்டவர்களுள் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண் ஒருவர் 97 நிமிடங்களையும் அப்பணிகளுக்குச் செலவிட்டனர். குழந்தைகள், முதியோர், நோயாளர் ஆகியோரைப் பேணும் பணி இதில் சேரவில்லை. அதில் ஈடுபட்ட பெண்கள் அதற்கெனச் சராசரியாக 134 நிமிடங்களையும் ஆண்கள் 76 நிமிடங்களையும் தனியே செலவிட்டனர்.

நாளொன்றுக்கு 299 நிமிடம் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஓராண்டிற்கு அது 1800 மணி நேரத்தைக் கடக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்னும் அலுவலகக் கணக்கில் பார்த்தால், ஆண்டொன்றில் ஏறத்தாழ 227 வேலைநாள்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்கள் ஆகியவற்றை நீக்கினால் ஓர் அலுவலர் ஓராண்டில் பணிக்குச் செல்லும் நாள்களும் இந்த அளவை ஒட்டியே அமையும். ஆகவே, வீட்டுப்பணி என்பது ஓய்வு நேரத்தில் முடிக்கும் சில்லறை வேலை அன்று. அது ஒரு முழுநேரப் பணி. பணிக்குச் செல்லும் பெண்ணுக்கோ அது இரண்டாவது பணி.

எந்திரம் வந்தது; வேலை போயிற்றா?

“அந்தக் காலத்தில்தான் வேலை மிகுதி, இப்போது எல்லாவற்றையும் எந்திரம் செய்கிறதே” என்று கூறுவோர் பலர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் தோளையும் இடுப்பையும் தேய்த்த காலம் ஒன்று இருந்தது. ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறுகையால் தள்ளிக்கொடுத்து அரைப்பதற்குள் உடல் சோர்ந்துவிடும். அத்துன்பத்திலிருந்து விடுதலை தந்தது மின்சாரத்தால் இயங்கும் கிரைண்டர். இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்கும் கோயம்புத்தூர்க் கிரைண்டர், தமிழ்நாட்டு அடுக்களையின் தேவையைத் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பமே தீர்த்துவைத்ததற்குச் சான்று. விறகுப் புகையில் கண் கலங்கியவர்களுக்கு எரிவாயு அடுப்பும், குடம் சுமந்து நடந்தவர்களுக்கு வீட்டுக் குழாயும் செய்த நன்மை பெரிது. இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று.

ஆயினும் உழைப்பின் கடுமை குறைவது வேறு. உழைப்பின் நேரம் குறைவது வேறு. ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்தில் எளிய குடும்பங்களில் இட்டலியும் தோசையும் தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களுக்கு உரிய சிறப்புணவாகவே இருந்தன. கிரைண்டர் வந்தபின் அவை அன்றாட உணவாயின. அரைக்கும் துன்பம் எந்திரத்திடம் சென்றது. ஊறவைத்தல், வழித்தெடுத்தல், கழுவுதல், ஒவ்வொரு தோசையாகச் சுட்டுத் தருதல் ஆகியவை பெண்ணிடமே நின்றன. துணி துவைக்கும் எந்திரம் வந்தபின் ஒருமுறை உடுத்திய உடையை உடனே துவைப்பது வழக்கமாயிற்று. துவைப்பது எளிதாயிற்று, துவைக்க வேண்டிய துணி பெருகிற்று. எந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தைக் குடும்பத்தின் புதிய எதிர்பார்ப்புகள் எடுத்துக்கொண்டன.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நிலை அன்று. வீட்டு எந்திரங்கள் முதலில் பெருகிய அமெரிக்காவில் ஜோன் வானெக் என்னும் ஆய்வாளர் 1974ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1920களுக்கும் 1960களுக்கும் இடைப்பட்ட காலத்தில், வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசியர் வீட்டுப்பணிக்குச் செலவிட்ட நேரம் குறையவில்லை என்பதே அவர் கண்டது. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றறிஞர் 1983இல் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை ஆராய்ந்தார். புதிய எந்திரங்கள், முன்னர் ஆண்களும் சிறுவர்களும் செய்துவந்த வேலைகளை முதலில் நீக்கின. பெண்ணின் பங்கோ தங்கிவிட்டது என்பது அவர் கண்ட விளக்கம். இக்கருத்தைத் தமிழ்நாட்டுச் சிற்றூரோடும் பொருத்திப் பார்க்கலாம். விறகு பிளந்து தந்த ஆணின் வேலையை எரிவாயு உருளை முடித்துவைத்தது. அடுப்பின்முன் நின்ற பெண்ணின் வேலையை அது முடித்துவைக்கவில்லை.

நாட்டின் கணக்கேடும் வீட்டின் அடுப்பும்

இவ்வளவு நேரம் விழுங்கும் உழைப்பிற்கு நாட்டின் பொருளாதாரக் கணக்கில் இடம் உண்டா? உணவகம் ஒன்றில் நான்கு இட்டலியை விலை கொடுத்து உண்டால், அதைச் சமைத்தவரின் உழைப்பும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. அதே நான்கு இட்டலியை வீட்டில் அவித்துப் பரிமாறினால், அரிசிக்கும் உளுந்துக்கும் எரிவாயுக்கும் கொடுத்த விலை கணக்கில் சேர்கிறது. அவித்தவரின் உழைப்பு சேர்வதில்லை. உலக நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறை, குடும்பத்தினர் தமக்காகச் செய்துகொள்ளும் சமைத்தல், துப்புரவு, பேணுதல் முதலிய பணிகளை உற்பத்தி என்னும் வரம்பிற்கு வெளியே நிறுத்தியுள்ளது.

இதில் உள்ள முரண்பாட்டை ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஏ.சி. பிகு நூறு ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். ஒருவர் தம் வீட்டில் ஊதியத்திற்குப் பணிபுரிந்த பெண்ணையே மணந்துகொண்டால், அப்பெண் செய்யும் வேலை சிறிதும் குறையாதபோதும் நாட்டின் வருமானம் குறைந்துவிடுகிறது என்றார் அவர். வேலை அதேதான், செய்பவரும் அவரேதான். ஊதியம் நின்றவுடன் உழைப்பும் கணக்கேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த மர்லின் வேரிங் 1988இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இக்கணக்கு முறையையே கேள்விக்கு உட்படுத்தினார். கணக்கில் வராத ஒன்று திட்டத்திலும் வருவதில்லை என்பதே இதில் கவலைக்குரிய செய்தி. சாலைக்கும் துறைமுகத்திற்கும் நிதி ஒதுக்கும் அரசு, குழந்தைகள் காப்பகத்திற்கும் முதியோர் பராமரிப்பிற்கும் ஒதுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வேலையை எவரோ வீட்டில் ‘சும்மா’ செய்துவிடுகிறார் அன்றோ!

தெரியுமா?

1975ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஐசுலாந்து நாட்டுப் பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் அலுவலகப் பணி, வீட்டுப்பணி ஆகிய இரண்டையும் ஒருநாள் நிறுத்தினர். பெண்களின் உழைப்பு இல்லாமல் நாடு இயங்காது என்பதை உணர்த்துவதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டே அந்நாட்டில் ஆண், பெண் சமத்துவத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1980இல் விக்டிஸ் பின்போகடோட்டிர் என்னும் பெண்மணி அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நீதிமன்றம் இட்ட மதிப்பு

பொருளியல் விடை கூறத் தயங்கிய வினாவிற்கு இந்தியாவில் நீதிமன்றங்கள் விடை கூற வேண்டியதாயிற்று. விபத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கும்போது, அவருடைய வருமானத்தை அடிப்படையாகக் கொள்வது வழக்கம். இறந்தவர் இல்லத்தரசியாக இருப்பின் வருமானம் என்ன என்று எழுதுவது?

1989ஆம் ஆண்டு ஜாம்ஷெட்பூரில் நிகழ்ந்த தீ விபத்து தொடர்பான வழக்கில், 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியரின் பணியை மாதம் 3000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010ஆம் ஆண்டு வேறொரு வழக்கில், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசியரைப் ‘பணி செய்யாதோர்’ என்னும் பிரிவில் இரவலர், சிறைவாசிகள் போன்றோருடன் சேர்த்திருந்ததை உச்ச நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது. 2021ஆம் ஆண்டு சனவரியில் வழங்கப்பட்ட தீர்ப்பு ஒன்றில் நீதிபதி என்.வி. ரமணா, 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வையே சான்றாகக் காட்டினார். இல்லத்தரசியருக்கு வருமானத்தைக் கருதிக் கணக்கிடுவது அவர்களுடைய உழைப்பிற்குச் சட்டம் தரும் ஏற்பு என்று விளக்கினார். 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கணவர் ஈட்டிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணியதன்மூலம் மனைவியும் பங்களித்துள்ளார். ஆதலால் அவருக்கும் சம பங்கு உண்டு என்று அது தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகள் போற்றத்தக்கவை. எனினும் இவற்றுள் விபத்து வழக்குகளை எண்ணிப் பார்ப்பவர் நெஞ்சில் ஒரு கேள்வி எழாமல் இராது. உயிரோடு இருந்தவரை ‘வேலை இல்லாதவர்’ எனப்பட்ட ஒருவருக்கு, அவர் இறந்தபின்னரே அவருடைய வேலையின் விலை கேட்கப்படுகிறது. வீட்டில் அவர் இல்லாமற்போன பின்புதான் அவர் செய்துவந்தவை இன்னின்னவை என்று பட்டியலிடப்படுகின்றன. மதிப்பு என்பது இழப்பீடாக மட்டுமே வந்து சேருமானால், அதை மதிப்பு என்று எவ்வாறு கூறுவது?

அரசின் கை

வீட்டுப்பணி வீட்டிற்குள் நிகழ்ந்தாலும் அது அரசியலுக்கு அப்பாற்பட்டது அன்று. தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்று. இங்கு வெவ்வேறு காலங்களில் ஆட்சிபுரிந்த அரசுகள் மூன்று வெவ்வேறு வழிகளில் அடுக்களையை அணுகியுள்ளன. 2011ஆம் ஆண்டு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. மூன்றும் பேரறிஞர் அண்ணாவின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 15ஆம் நாளில் தொடங்கப்பட்டவை.

முதல் திட்டம் வேலையின் கடுமையைக் குறைத்தது. இரண்டாம் திட்டம் வேலையின் ஒரு பகுதியையே வீட்டிலிருந்து எடுத்துப் பொதுச் சமையற்கூடத்திடம் ஒப்படைத்தது. வயல்வேலைக்கோ ஆலைக்கோ விடியற்காலையில் புறப்படும் தாய்க்கு இது தரும் ஆறுதலைச் சொல்லில் அளக்க இயலாது. மதிய உணவுத் திட்டம் நெடுங்காலமாகச் செய்துவரும் தொண்டின் நீட்சி இது. மூன்றாம் திட்டம் வேலையை ஏற்கும் முயற்சி. அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயரிடாமல் ‘உரிமைத்தொகை’ என்று பெயரிட்டது கருதத்தக்கது. உதவி என்பது கொடுப்பவரின் இரக்கத்தைக் காட்டும். உரிமை என்பது பெறுபவரின் தகுதியைக் காட்டும்.

ஆனால் தொகையை நேரத்தோடு வைத்துப் பார்ப்பதும் தேவை. நாளொன்றுக்கு 299 நிமிடம் எனில் திங்களொன்றுக்கு ஏறத்தாழ 150 மணி நேரம். 1000 ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. ஆகவே அதை ஊதியமாகக் கருதுதல் பொருந்தாது. அது உழைப்பு கண்ணில் பட்டுவிட்டது என்பதற்கான அடையாளம். அடையாளத்தோடு சமூகம் நிறைவடைந்துவிடக் கூடாது.

மறுப்புகளும் விடைகளும்

வீட்டுப்பணியை உழைப்பாகக் கணக்கிட வேண்டும் என்னும் கருத்திற்கு மறுப்புகள் சில உண்டு. அவற்றைப் புறந்தள்ளாமல் எண்ணிப் பார்த்தல் நன்று.

தாயன்பிற்கு விலை குறிக்கலாமா என்பது முதல் மறுப்பு. அன்பிற்கு விலையில்லை என்பது உண்மை. ஆனால் அன்பு வேறு, பாத்திரம் துலக்குதல் வேறு. நோயாளியிடம் செவிலியர் காட்டும் பரிவிற்கு விலையில்லை. அதனால் அவருக்கு ஊதியம் வேண்டா என்று எவரும் கூறுவதில்லை. ஆசிரியர் மாணவரிடம் காட்டும் அன்பும் அத்தகையதே. அன்பைக் காரணம் காட்டி உழைப்பை மறைப்பது, அன்பிற்கும் செய்யும் இழுக்கு.

ஆண்கள் வெளியே உழைக்கின்றனரே என்பது இரண்டாம் மறுப்பு. இதுவும் நேர்மையான கேள்வியே. வருமானம் தரும் வேலையில் ஈடுபட்ட ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 459 நிமிடங்களையும், அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் 333 நிமிடங்களையும் செலவிட்டனர் என அதே ஆய்வு கூறுகிறது. வெயிலில் கட்டடம் கட்டுபவரின் உழைப்பையும் இரவெல்லாம் சரக்குந்து ஓட்டுபவரின் உழைப்பையும் எவரும் குறைத்துக் கூற இயலாது. ஆனால் அவ்வேலைக்குக் கூலி உண்டு. முடியும் நேரம் உண்டு. ‘வேலை’ என்னும் பெயரும் உண்டு. வெளியில் உழைத்துத் திரும்பும் ஆண் வீட்டிற்கு ஓய்வெடுக்க வருகிறார். வெளியில் உழைத்துத் திரும்பும் பெண் வீட்டிற்கு வேலை செய்ய வருகிறார். வேறுபாடு இங்கேதான் உள்ளது.

வீட்டுப்பணிக்குத் தொகை கொடுத்தால், அது பெண்ணுக்கே உரிய பணி என்று உறுதியாகிவிடாதா என்பது மூன்றாம் மறுப்பு. மூன்றனுள்ளும் இதுவே வலிமை மிக்கது. பணம் மட்டும் கொடுத்துப் பொறுப்பை மாற்றாமல் விட்டால் இந்த அச்சம் மெய்யாகிவிடும். நன்கு படித்த பெண்ணும் ‘வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை’ என்று பணியைத் துறக்கும் நிலை இன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஆய்வில் வருமானம் தரும் வேலையில் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 57.3 பேர், பெண்கள் 18.4 பேர் மட்டுமே. ஆகவே மதித்தல் என்பதோடு பங்கிடுதல் என்பதும் சேர்ந்தாலன்றித் தீர்வு முழுமை பெறாது.

உதவியும் பங்கும்

வீட்டுப்பணியில் ஈடுபடும் ஆணைப் பாராட்டும்போது, “மனைவிக்கு உதவுகிறார்” என்றும், “அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறான்” என்றும் கூறுவர். பாராட்டு நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் ‘உதவி’ என்னும் சொல், அவ்வேலை மற்றொருவருக்கு உரியது என்பதை மறைமுகமாக உறுதிசெய்கிறது. தான் உண்ட தட்டைத் தானே கழுவுவது எவருக்குச் செய்யும் உதவி? தான் உடுத்திய உடையைத் துவைப்பது எவருக்குச் செய்யும் ஒத்தாசை? அது உதவி அன்று, பங்கு.

கண்ணுக்குப் புலப்படும் வேலைகளைப் பங்கிடுவதோடும் இது முடிந்துவிடுவதில்லை. எரிவாயு உருளை எப்போது தீரும், பால்காரருக்கு எத்தனை நாள் கணக்கு, பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை மிச்சம், பள்ளிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் எது, உறவினர் திருமணத்திற்கு மொய் எவ்வளவு என்று இடைவிடாமல் நினைவில் வைத்திருப்பதும் உழைப்பே. கைப்பேசி இச்சுமையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவும், உருளைப் பதிவும், மின்கட்டண அறிவிப்பும் சேர்ந்து நினைவில் வைக்க வேண்டியவற்றின் பட்டியலை நீட்டியுள்ளன. “என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் செய்கிறேன்” என்பவர் கையுழைப்பை மட்டும் பங்கிட முன்வருகிறார். சிந்திக்கும் உழைப்பை மற்றவரிடமே விட்டுவிடுகிறார்.

மாற்றம் தானே வந்துவிடும் என்று காத்திருக்கவும் இயலாது. ஐந்து ஆண்டுகள் கழித்து 2024இல் நாடு முழுவதும் மீண்டும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தப்பட்டது. வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்களின் நேரம் 299 நிமிடத்திலிருந்து 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் ஆண்களின் நேரமும் 97 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாகக் குறைந்திருந்தது. பெண்ணின் சுமை இறங்கிய அந்தப் பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி இருநூறு நிமிடத்தை ஒட்டியே நிற்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் பொறுப்பு மூவருக்கு உண்டு. குழந்தைகள் காப்பகம், குடிநீர் இணைப்பு, பொதுச் சமையற்கூடம், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றை விரிவாக்க வேண்டியது அரசு. தந்தையருக்கும் மகப்பேற்றுக் கால விடுப்பும், குடும்பத்தினரைப் பேணுவதற்கு ஏற்ற பணிநேரமும் தர வேண்டியவை நிறுவனங்கள். மகளுக்கு மட்டும் துடைப்பத்தையும் மகனுக்கு மட்டும் மட்டைப்பந்தையும் எடுத்துக்கொடுக்கும் வழக்கத்தை மாற்ற வேண்டியவை குடும்பங்கள். முன்னிரண்டிற்கும் சட்டமும் நிதியும் காலமும் வேண்டும். மூன்றாவதற்கு முடிவெடுத்தல் ஒன்றே போதும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் செய்த ஆய்வை, பதினாறு வயது மாணவர் ஒருவர் தம் வீட்டில் ஒரு வாரம் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் அரைமணி நேரத்திற்கு ஒரு கட்டம் வரைந்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் என்ன செய்தனர் என்று எழுதினால் போதும். ஏழு நாள் கழித்து அக்கட்டங்களைக் கூட்டிப் பார்க்கும்போது, அந்த வீட்டின் உண்மையான வரவு செலவுக் கணக்கு வெளிப்படும். அக்கணக்கில் தம் பெயருக்கு நேரே உள்ள கட்டங்கள் வெறுமையாக இருப்பதைக் காணும் ஒருவர், மறுநாள் காலையில் எவரும் சொல்லாமலே எழுந்து தமக்குரிய பங்கைச் செய்யத் தொடங்குவாராயின், நாட்டின் இருநூறு நிமிட இடைவெளியில் சில நிமிடங்கள் அன்றே குறைந்துவிடும்.